செய்தியறையில் கணினியின் பணி

செய்தி எழுத மொழியறிவு மட்டும் போதுமா? ‘பனாமா ஆவணங்கள்’ பற்றிப் படித்தபோது, போதாது என்பது எனக்கு விளங்கியது.

பனாமாவில் இயங்கிய ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்து, ஜெர்மன் பத்திரிகையொன்றுக்குக் கிடைத்த இவை 1 கோடி 15 இலட்சம் கோப்புகள். நிமிடத்துக்கு ஒன்றாக இரவு பகல் வாசித்தாலும் ஏறத்தாழ 22 ஆண்டுகள் செல்லும். ஆனால் 2016 ஏப்ரலிலேயே செய்திகள் வெளிவந்தன. எப்படி?

நிரலாளர்கள், படங்களாக இருந்த பக்கங்களைத் தேடக்கூடிய எழுத்துகளாக மாற்றினர். ஆட்களையும் கம்பனிகளையும் தரவுத்தளத்தில் இணைத்தனர். வடிவமைப்பாளர்கள் அத்தொடர்புகளை வாசகருக்கு விளங்கும் வரைபடங்களாக்கினர்.

ஆயினும், பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது. உரியவரிடம் விளக்கம் கேட்டு, உண்மையை உறுதிசெய்வது ஊடகவியலாளரின் கடமை.

தோழியரே, தமிழோடு கணிதமும் தகவல் தொழினுட்பமும் விரும்பிக் கற்பவருக்கு இத்துறையில் இடமுண்டு. பெற்றோரும் இதனை அறிய வேண்டும்.