திருப்பிக் கொடுக்கும் நாள்

அன்புள்ள தங்கைக்கு,

ஓர் ஊரின் பள்ளிகள் சீரழிந்து கிடந்தால் மாநில அரசு அவற்றைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் நாளையும் அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைப் பார். அந்நகரப் பள்ளி வாரியத்தில் ஊழல் எவ்வளவு முற்றியிருந்தது என்றால், விசாரிக்க வந்த எஃப்.பி.ஐ. வாரியத்தின் கட்டடத்துக்குள்ளேயே அலுவலகம் போட்டு உட்கார்ந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நகரை மூழ்கடித்தது. நவம்பரில் அந்நகரம் இருக்கும் லூசியானா மாநிலத்தின் அரசு சட்டம் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை எடுத்துக்கொண்டது. 7,000-க்கும் அதிகமான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பள்ளிகள் படிப்படியாக, அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளாயின.

மதிப்பெண் ஏறியதே என்பாய். ஏறியது, அதை மறுக்க முடியாது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் கல்லூரிக்குப் போனவர்களும் கூடினார்கள் என்று டுலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு மாணவருக்கான செலவும் சுமார் 13 சதவீதம் கூடியது. ஆகவே கைமாறியதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. டென்னசி மாநிலம் 2012-ல் இதே வழியில் இறங்கி, கடைசி 5 சதவீதத்தில் இருந்த பள்ளிகளை ஐந்தாண்டில் முதல் 25 சதவீதத்துக்குள் கொண்டுவருவதாகச் சொன்னது, நடக்கவில்லை. 2011 முதல் 2016 வரை மாநிலங்கள் கையிலெடுத்த பள்ளி மாவட்டங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வும், சராசரியில் கற்றல் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்கிறது.

மதிப்பெண்ணில் தெரியாத இழப்பும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில், தெருமுனைப் பள்ளியில் இடம் உறுதி என்ற நிலை போனது. விடியுமுன்பே முதுகில் பையோடு பஸ்ஸுக்கு நின்று, நகரின் மறுகோடிக்குப் போன பிள்ளைகள் பலர். பள்ளியை மூடப்போகிறார்கள் என்றால் தாய் யாரிடம் போய்க் கேட்பாள்? முடிவெடுத்த மாநில வாரியம் தலைநகர் பேட்டன் ரூஜில் இருந்தது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பிற ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்கள், அல்லது ஆளுநர் நியமித்தவர்கள்.

கெடுத்த வாரியத்திடமே மறுபடி கொடுப்பதா என்பது நியாயமான கேள்வி. அதற்கு 2016-ல் லூசியானாவில் வந்த சட்டம் நல்ல விடை சொன்னது. பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் பொறுப்பு. ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் பள்ளிகளிடமே இருக்கும், வாரியம் அதில் தலையிட முடியாது. திருட்டுக்கு வழி குறைந்தது, தட்டிக்கேட்க ஓர் இடமும் திரும்பக் கிடைத்தது. 2018 ஜூலை 1-இல் பள்ளிகள் ஊருக்குத் திரும்பின. இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். 2005-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பன்னிரண்டையும் முடித்து வெளியேறிவிட்டது.

அன்புடன்,
அண்ணன்