புறக்கடைக் கோழிகளுக்கு ஆண்டுதோறும் சேவலை மாற்றுங்கள்

பத்துப் பெட்டைக் கோழிகள் உள்ள கிராமத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்தால் ஐந்தாறு குஞ்சுகளே பொரிக்கின்றன. பொரித்தவற்றிலும் சில ஒரு மாதத்திற்குள் நோஞ்சானாகி இறந்துவிடுகின்றன என்பதே அது. அடைக்கோழி சரியாக உட்காரவில்லை, இடி இடித்தது, கண் பட்டுவிட்டது என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஆனால் முற்றத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் சேவலை யாரும் சந்தேகிப்பதில்லை. பல வீடுகளில் குறை அந்தச் சேவலிடம்தான் இருக்கிறது.

புறக்கடைக் கோழியின் வருமானம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கு வருவது. அவசரச் செலவுக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் உதவுவது. ஓர் அடைக்கு ஐந்து குஞ்சு என்பதை எட்டு, ஒன்பது என்று உயர்த்த முடிந்தால் அதிகச் செலவில்லாமலே அந்த வருமானம் கூடும். அதற்கான முதல் வழி, சேவலைக் கவனித்துத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் மாற்றுவதாகும்.

விற்றது போக மீந்த சேவல்

பசுவுக்குப் பொலிகாளை தேடும்போது காளையின் தாய் எத்தனை லிட்டர் பால் கறந்தது என்று விசாரிக்கும் விவசாயி, கோழிக்குச் சேவல் தேடுவதே இல்லை. வீட்டில் பொரித்த சேவல்களில் எடை மிகுந்தது கோயில் கொடைக்கோ சந்தைக்கோ முதலில் போய்விடுகிறது. அடுத்து நல்லது விருந்தாளி வரும்போது குழம்பாகிறது. யாரும் விலைக்குக் கேட்காத மெலிந்த சேவலே கடைசியில் மிஞ்சுகிறது. அடுத்த ஆண்டு பிறக்கும் குஞ்சுகள் அனைத்திற்கும் அதுவே தந்தையாகிவிடுகிறது.

ஒரு பெட்டை தான் இட்ட முட்டைகளில் பிறக்கும் குஞ்சுகளுக்கு மட்டுமே தாய். ஒரு சேவலோ வீட்டில் பொரிக்கும் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் தந்தை. ஆகவே மந்தையின் குணத்தில் சரிபாதி அந்த ஒரு சேவலிடமிருந்து வருகிறது. நல்ல சேவலை விற்று மட்டமான சேவலை வைத்துக்கொள்வது, பொறுக்கு விதையை விற்றுவிட்டுப் பதரை விதைப்பதற்கு ஒப்பாகும்.

உறவுக் கலப்பால் வரும் கேடு

இரண்டாவது தவறு, வீட்டில் பிறந்த சேவலையே அந்த வீட்டுப் பெட்டைகளுடன் விடுவது. அது தன் தாயுடனும் உடன்பிறந்த பெட்டைகளுடனும் இணைகிறது. இப்படிப் பல தலைமுறை நடந்தால் மறைந்து கிடக்கும் பலவீனங்கள் வெளிப்படுகின்றன. கரு முட்டைக்குள்ளேயே இறத்தல், பொரிக்கும் திறன் குறைதல், குஞ்சுகள் அதிகம் சாதல், வளர்ச்சி குன்றுதல், முட்டை எண்ணிக்கை குறைதல் ஆகியவை அதன் விளைவுகள்.

இக்கேட்டின் அளவைக் கணக்கிட மரபியல் அறிஞர் சீவால் ரைட் 1931-ஆம் ஆண்டில் ஒரு வாய்ப்பாட்டை வெளியிட்டார். அதன்படி ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் உள்ள மந்தையில், வெளியிலிருந்து சேவல் வராவிட்டால், ஒவ்வொரு தலைமுறைக்கும் உறவுக் கலப்பு சுமார் 14 சதம் கூடுகிறது. பெட்டைகளை இருபதாக உயர்த்தினாலும் இது 13 சதத்திற்கு மேலாகவே இருக்கும். ஆனால் அதே பத்துப் பெட்டைகளுக்கு இரண்டு சேவல்கள் பங்குபெற்றால் 7.5 சதமாகக் குறைந்துவிடும். அதாவது பெட்டைகளைக் கூட்டுவதால் பயன் மிகக் குறைவு. சேவல்களைக் கூட்டுவதும் மாற்றுவதுமே பலன் தரும்.

சேவலைத் தேர்ந்தெடுக்கும் முறை

நன்றாக முட்டையிட்டு, ஒழுங்காக அடை காத்து, பெரும்பாலான குஞ்சுகளைக் காப்பாற்றிய தாயின் சேவல் குஞ்சுகளைக் காலில் நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். குஞ்சு வளர வளர நூலைத் தளர்த்திக் கட்ட மறக்கக்கூடாது. இரண்டு மாத வயதில் வேகமாக வளர்ந்த நான்கைந்தைக் கழிக்காமல் வைத்துக்கொண்டு, ஐந்து மாத வயதில் அவற்றுள் சிறந்த இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

தேர்வு செய்யும்போது சேவலைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். கொண்டையும் தாடியும் நல்ல சிவப்பாகவும், கண்கள் ஒளியுடனும் இருத்தல் வேண்டும். நெஞ்செலும்பு கோணாமல் நேராக இருக்க வேண்டும். கால்கள் உறுதியாகவும் விரல்கள் வளையாமலும் இருப்பது அவசியம். காலில் ஊனமுள்ள சேவல் பெட்டையை மிதிக்கத் தடுமாறும்; முட்டைகள் கருவுறா. அலகு கோணியவை, மூச்சில் இரைச்சல் உள்ளவை, நோயில் விழுந்து எழுந்தவை ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும்.

நாட்டுச் சேவலை ஏழெட்டு மாத வயதிலிருந்து இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாம். இரண்டு வயதைக் கடந்த சேவலிடம் கருவுறச் செய்யும் திறன் குறையத் தொடங்கும். வீட்டில் அடை வைத்தே குஞ்சு எடுப்பவர்கள், முட்டைப் பண்ணையிலிருந்து கழித்த சேவலை வாங்கி விடக்கூடாது. வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் அடை காக்கும் குணம் தேர்வு முறையில் நீக்கப்பட்டுவிட்டது. அவற்றின் வழி வரும் பெட்டைகள் அடைக்கு உட்காராமல் போகக்கூடும்.

எத்தனை பெட்டைக்கு ஒரு சேவல்?

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. இதற்கு மேல் பெட்டைகள் இருந்தால் கருவுறாத முட்டைகள் அதிகரிக்கும். சேவல்கள் அதிகமானாலும் அதே நிலைதான். ஒன்று மிதிக்கும்போது மற்றொன்று தள்ளிவிடும், சண்டையில் காயம்படும், பெட்டைகளின் முதுகுச் சிறகு உதிர்ந்து தோல் கிழியும். பெட்டைகளின் முதுகு வழுக்கையாகக் காணப்பட்டால் சேவல்கள் மிகுதி என்று அறியலாம்.

இருபது பெட்டைகள் உள்ளவர்கள் ஒன்றாக வளர்ந்த இரண்டு சேவல்களை வைத்துக்கொள்ளலாம். அவையும் சண்டையிட்டால் பிரித்துவிட வேண்டும். பத்துப் பெட்டைகளே உள்ளவர்களும் மாற்றுச் சேவல் ஒன்றைத் தனியே வளர்ப்பது நல்லது. நரியோ நாயோ கவ்விச் சென்றால் அந்தப் பருவம் வீணாகாமல் தப்பும். மற்ற இளஞ்சேவல்களை மூன்று, நான்கு மாத வயதிலேயே பிரித்து வளர்த்து, எடை வந்ததும் விற்றுவிட வேண்டும். பிரிக்காமல் விட்டால் உடன்பிறந்த பெட்டைகளுடன் அவை இணைந்துவிடும்.

இனப்பெருக்கத் தடுப்பு

தெருவில் மேயும் பெட்டையை எந்த வீட்டுச் சேவல் மிதித்தது என்று சொல்ல முடியாது. ஆகவே அடைக்கு முட்டை சேகரிக்கும் காலத்தில் மட்டும் ஒரு சேவலையும் எட்டுப் பெட்டைகளையும் தடுப்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி வீதம் ஒன்பது கோழிகளுக்கு 6 அடி நீளம், 6 அடி அகலம் போதும். மூங்கில் தட்டியோ கம்பி வலையோ கொண்டு 6 அடி உயரத்திற்கு அடைத்து, மேலே கீற்று வேயலாம். தரையில் உமி அல்லது மணல் பரப்பி, ஒரு மூலையில் சாம்பலும் மண்ணும் கலந்து வைத்தால் கோழிகள் அதில் புரண்டு பேன், செள்ளு போன்றவற்றை உதறிக்கொள்ளும். நான்கு பெட்டைகளுக்கு ஒன்று வீதம் வைக்கோல் பரப்பிய கூடைகளை நிழலான மூலையில் வைக்க வேண்டும். உட்காரக் குறுக்குக் கழி ஒன்று கட்டுதல் நலம்.

தடுப்பில் இருக்கும்வரை மேய்ச்சல் கிடையாது. ஆகவே தானியம், தவிடு, பிண்ணாக்கு, கீரை, கிளிஞ்சல் தூள் ஆகியவற்றை நாமே கொடுத்தாக வேண்டும். நல்ல சேவல் இரையைக் கண்டால் பெட்டைகளைக் கூவி அழைத்துத் தின்னவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கும், நாளடைவில் இளைத்துவிடும். ஆகவே காலையில் அதைப் பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து, ஒரு கைப்பிடி கம்போ சோளமோ கொடுத்தபின் திறந்துவிடலாம். நீண்டு வளர்ந்த கால்முள்ளின் கூர்முனையை மட்டும் அரம் கொண்டு மழுக்கினால் பெட்டைகளின் முதுகு காயப்படாது. கத்திரி வெயிலில் சேவலின் ஊக்கம் குறையும். நிழலும் மண்சட்டியில் குளிர்ந்த நீரும் எப்போதும் இருக்க வேண்டும்.

மூன்று வார விதி

சேவலை மாற்றிய மறுநாளே புதுச்சேவலின் குஞ்சுகள் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. பெட்டையின் உடலில் சேவலின் விந்து சேமித்து வைக்கப்படுகிறது. ஒருமுறை இணைந்த பெட்டை பத்து நாட்கள் வரையிலும், சில சமயம் மூன்று வாரங்கள் வரையிலும் கருவுற்ற முட்டைகளை இடக்கூடும். ஆகவே பழைய சேவலைப் பிரித்த பிறகு மூன்று வாரம் இடும் முட்டைகளை அடை வைக்காமல் உணவுக்கோ விற்பனைக்கோ பயன்படுத்த வேண்டும்.

இந்த மூன்று வாரமும் வீணல்ல. வெளியிலிருந்து வந்த புதுச்சேவலைச் சேர்க்குமுன் அதே மூன்று வாரம் தனியே கட்டி வைத்து நோய் ஏதும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோயும் அம்மையும் பெரும்பாலும் புதிதாக வாங்கிய கோழியுடன்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி இக்காலத்தில் குடற்புழு நீக்கமும் செய்து முடிக்கலாம். பிறகு புதுச்சேவலைப் பெட்டைகளுடன் விட்டு, ஒரு வாரம் கழித்து இடும் முட்டைகளை அடைக்குச் சேகரிக்கத் தொடங்கலாம்.

மூன்று வீட்டுச் சுழற்சி

ஆண்டுதோறும் சேவல் வாங்கப் பணத்திற்கு எங்கே போவது என்ற கேள்வி எழலாம். மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் பணமே தேவையில்லை. ஒரே தெருவில் மேயும் கோழிகள் முன்பே உறவாகியிருக்கும். ஆதலால் வேறு வேறு ஊரில் உள்ள உறவினரோ நண்பரோ கூடுவது நல்லது. ஆண்டுக்கொரு முறை, பொங்கல் கழிந்ததும் என்று வைத்துக்கொள்ளலாம், முதல் வீட்டில் பிறந்த சிறந்த சேவல் இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கும் போக வேண்டும். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். எந்தச் சேவலும் தான் பிறந்த வீட்டில் தந்தையாகக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

மூன்று வீடுகளும் சேர்ந்து ஒரே மந்தையாகக் கணக்கிட்டால் மூன்று சேவல்களும் முப்பது பெட்டைகளும் ஆகின்றன. தலைமுறைக்கு 14 சதமாக இருந்த உறவுக் கலப்பு 5 சதத்திற்கும் கீழே இறங்கிவிடும். மூன்று சுற்று முடிந்தபின் தொலைவிலிருந்து ஒரு புதுச்சேவலைக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மாற்றிக்கொள்ளும் வீடுகள் யாவும் குஞ்சுகளுக்கு 7-ஆம் நாளில் சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்தில் ஊசியும் போட்டு வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்புச் செய்திருக்க வேண்டும். ஒரு வீடு தவறினாலும் மூன்று வீட்டுக்கும் இழப்பு.

குறை யாரிடம்? கண்டறியும் சோதனை

அடைக்கு ஒரு வாரத்திற்குள் இட்ட முட்டைகளையே வைக்க வேண்டும். கோடையில் நான்கு நாட்களுக்கு மேல் வைத்திராமல் இருப்பது நல்லது. ஈர மணலில் பதித்த மண்சட்டியில் குறுகிய முனை கீழே இருக்கும்படி முட்டைகளை வைத்துக் காக்கலாம்.

அடை வைத்த ஏழாம் நாள் இரவு, அட்டையைக் குழலாகச் சுருட்டி டார்ச் விளக்கின் முனையில் பொருத்தி, முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி போன்ற கரும்புள்ளியும் அதிலிருந்து பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அது கருவுறாத முட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது.

பன்னிரண்டில் ஒன்றிரண்டு தெளிந்த முட்டைகள் இருப்பது இயல்பு. புதிய முட்டைகளை வைத்தும் நான்கைந்து தெளிவாக இருந்தால் சேவலின் வயது, கால், எடை, பெட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தெளிந்தவை குறைவாக இருந்து, வளையம் தெரிபவையும் ஓட்டுக்குள் இறந்தவையும் அதிகமானால் முட்டையைச் சேமித்த விதம், அடைக்கோழி, உறவுக் கலப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும். ஒவ்வோர் அடைக்கும் வைத்த முட்டை, தெளிந்த முட்டை, பொரித்த குஞ்சு ஆகிய மூன்றையும் சுவரில் கரிக்கட்டியால் குறித்து வந்தாலே போதும். சேவலை மாற்றியதன் பலன் அடுத்த ஆண்டு அந்தச் சுவரிலேயே தெரியும்.

ஆகவே அடுத்த கொடைக்குச் சேவல் பிடிக்கும்போது எடை மிகுந்ததைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அதை அடுத்த ஊர் உறவினருக்குக் கொடுத்து, அவர் வீட்டுச் சிறந்த சேவலை வாங்கி வாருங்கள். கோயிலுக்கு இரண்டாவது சேவலே போதும்.