மூன்று பேர்ச்சில் ஒரு வீடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொட்டாஞ்சேனையில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைக்கிற குடும்பம் முதலில் கேட்பது, “இப்ப சதுர அடி என்ன விலை போகுது?” என்றுதான். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ காசு அனுப்பப்போகும் பிள்ளையும் தொலைபேசியில் அதையே கேட்கிறது. யாரோ ஒருவர் ஒரு தொகையைச் சொல்கிறார். அதைப் பரப்பளவால் பெருக்கி, வந்ததை வீட்டின் விலை என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பாதியில் நின்றுபோகும் வீடுகளில் பல இந்தப் பெருக்கல் கணக்கில்தான் தொடங்கியிருக்கும்.

நம்பிக்கை: “சதுர அடி விலை தெரிந்தால் மொத்தச் செலவும் தெரிந்துவிடும்.”

அந்த விலை பெரும்பாலும் மாலபேயிலோ அத்துருகிரியவிலோ பத்துப் பேர்ச் வெறுங்காணியில், லொறி வாசல்வரை வந்து மணல் கொட்டும் இடத்தில் கட்டியவர் சொன்னதாக இருக்கும். இங்கே நிலைமை வேறு. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. மூன்று பேர்ச் என்றால் 817 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. பின்புறத்தில் விட வேண்டிய வெளியை விட்டு, படிக்கட்டுக்கு ஒவ்வொரு தட்டிலும் இடம் கொடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் அறைகள் வரவேண்டும். குசினி, குளியலறை, படிக்கட்டு மூன்றும்தான் ஒரு வீட்டில் கூடுதலாகப் பணம் விழுங்குபவை. வீடு சிறுத்தாலும் அவை சிறுப்பதில்லை. அதனால் சின்ன வீட்டின் சதுர அடி பெரிய வீட்டினதைவிடக் கூடுதலாகவே விழும்.

சாமான் உள்ளே வருகிற வழியையும் பாருங்கள். 600 சதுர அடியில் ஐந்து அங்குலத் தடிப்பில் ஒரு சிலாப் போட 250 கன அடி கொங்கிரீட் வேண்டும். அதற்குச் சுமார் 45 மூட்டை சீமெந்து, ஒரு கியூபுக்குச் சற்றுக் கூடுதலான மணல், இரண்டு கியூபுக்கு மேல் கருங்கல் சல்லி. ஜம்பட்டா வீதியில் இறக்கிய இவ்வளவையும் ஓர் ஒழுங்கைக்குள் ஆட்கள்தான் சுமந்து வரவேண்டும். இடித்த கல்லும் மண்ணும் அதே வழியால் வெளியே போகவேண்டும். இந்தக் கூலி எந்தச் சதுர அடி விலையிலும் இருப்பதில்லை. வரைபடக் கட்டணம், அனுமதிக் கட்டணம், தண்ணீர், மின் இணைப்பு, வேலை முடியும்வரை நீங்கள் இருக்கப்போகும் வாடகை வீடு ஆகியவையும் அப்படியே. ஆகவே சதுர அடி விலையைக் கேளாதீர்கள். அளவையும் விலையையும் வேலை வாரியாக எழுதிய ‘பீ.ஓ.கியூ.’வைக் கேளுங்கள். ஒழுங்கையைப் பார்க்காமல் விலை எழுதித் தருகிறவரின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம்பிக்கை: “அந்தக் காலத்து அத்திவாரம், இரும்பு மாதிரி. மேலே இன்னொரு தட்டு தாராளமாகப் போடலாம்.”

இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். கொழும்பு வடக்கின் பழைய வீடுகள் பல கபுக் கல்லால், சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. அவற்றில் தூண் கிடையாது; சுவர்தான் பாரம் தாங்குகிறது. ஓட்டுக் கூரையைச் சுமப்பதற்காக எழுப்பிய சுவர் அது. நூறு வருடம் நின்றது உண்மைதான், ஆனால் அந்த நூறு வருடமும் அது சுமந்தது ஓட்டையும் மரத்தையும் மட்டும். மேலே சொன்ன அந்த ஒரு சிலாப் மட்டும் 17 தொன்னுக்கு மேல் வரும். அதன் மேல் சுவர், தண்ணீர்த் தாங்கி, மனிதர்.

மேசன் பாஸ் சுவரைத் தட்டிப் பார்த்து “தாங்கும்” என்று சொல்வது போதாது. கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் வந்து, இரண்டு மூன்று இடத்தில் தோண்டி, அத்திவாரம் எவ்வளவு ஆழத்தில் எந்த மண்ணில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும். புளூமெண்டால் பக்கம் தாழ்வான, நிரப்பிய நிலமும் இருக்கிறது; ஒரு வீட்டுக்குச் சரியாக இருந்த அத்திவாரம் நாலு வீடு தள்ளிச் சரிவராது. 2017 மே மாதம் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே பல மாடிக் கட்டிடமொன்று இடிந்து விழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பொறியியலாளருக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர் அந்த நாளை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது பொதுச்சுவர். தொடர்வீடுகளில் இடையிலுள்ள சுவர் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். பக்கத்து வீட்டு வளை உங்கள் பக்கச் சுவரிலேயே ஊன்றியிருக்கும். “என் வீட்டை நான் இடிக்கிறேன்” என்று அதில் கை வைக்க முடியாது. பக்கத்துக் காணிக்கான தாங்கலைத் தோண்டிப் பறிக்கக்கூடாது என்பது இங்கே இன்றும் வழக்கிலுள்ள ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு, அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகளைத் திகதியோடு படமெடுத்து, இருவரும் கையெழுத்து வையுங்கள். பிறகு வரக்கூடிய வழக்கையும், அதைவிட முக்கியமாக மனக்கசப்பையும், அந்தக் காகிதம் தடுக்கும்.

நம்பிக்கை: “சீமெந்து கூடினால் பலம் கூடும்.”

கலவைக்கு வேண்டியதற்கு மேல் சீமெந்து போட்டால் சுருங்கி வெடிக்கத்தான் செய்யும். பலத்தைக் குறைப்பது அநேகமாகத் தண்ணீர்தான். கலவை இறுகிவருகிறது, தள்ளக் கஷ்டம் என்று இன்னொரு வாளி ஊற்றுவார்களே, அந்த வாளி. போட்ட பிறகு நிலைமை நேர்மாறு: ஆகக்குறைந்தது ஏழு நாள், கலப்புச் சீமெந்தென்றால் பத்து நாளாவது, ஈரம் காயவிடக்கூடாது. மூட்டையில் எஸ்.எல்.எஸ். 107 என்றிருந்தால் சாதாரண போட்லண்ட் சீமெந்து. 1247 என்றால் கலப்புச் சீமெந்து. இரண்டும் நல்லவைதான், ஆனால் கலப்புச் சீமெந்து மெதுவாகவே பலம் பெறும். அவசரப்பட்டுப் பலகையைக் கழற்றாதீர்கள்.

“கடல் மணல் கூடவே கூடாது” என்பதும் பாதி உண்மைதான். கரையில் அள்ளிய மணல் ஆகாது. உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஆனால் கரையைவிட்டுத் தள்ளிக் கடலடியிலிருந்து எடுத்து முத்துராஜவெலயில் குவித்து, உப்புப்போகக் கழுவி, சோதித்து விற்கிற மணலைப் பயன்படுத்தலாம். எங்கிருந்து வந்தது, எந்தச் சோதனை அறிக்கை என்று கேட்டு வாங்குங்கள். துறைமுகக் காற்றில் உப்பு இருப்பதால், கம்பிக்கும் கொங்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே வரைபடத்தில் குறித்த இடைவெளி இருக்கிறதா என்பதைச் சிலாப் போடுமுன் நீங்களே அளந்து பாருங்கள்.

நம்பிக்கை: “விலை பேசி முடித்தாயிற்று, இனி ஏறாது.”

2021 நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,000 ரூபாவுக்கு விற்ற சீமெந்து மூட்டை, 2022 நடுப்பகுதியில் 3,000 ரூபாவைத் தொட்டது. வாய்ப்பேச்சில் முடித்த கொந்தராத்து எதுவும் அப்படிப்பட்ட ஏற்றத்தைத் தாங்காது. விலை ஏறினால் எந்தக் கணக்கின்படி ஈடு செய்வது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை வெளியிடும் விலைச் சுட்டிகள் இதற்கே உதவும். அங்கே பதிவுபெற்ற கொந்தராத்துக்காரரா என்பதையும் பார்க்கலாம்.

நம்பிக்கை: “உறுதி கையில் இருக்கு, சொந்தக் காணி, யார் கேட்கிறது?”

உறுதியை நொத்தாரிசு எழுதினால் மட்டும் போதாது. காணிப் பதிவகத்தில் பதிவு எப்படிப் போகிறது, அடமானம், வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாநகர சபையிடம் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். வீதி அகலிப்புக்குக் குறித்த கோடு உங்கள் முன்னறைக்கு ஊடாகப் போகலாம். எல்லைச் சுவரில் யன்னல் வைத்து வரைந்த படத்தையும் அங்கே ஏற்கமாட்டார்கள். வெளிச்சம் வேண்டுமானால் நடுவே ஒரு திறந்த வெளியைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். நம் பாட்டன் வீடுகளில் நடு முற்றம் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

“பக்கத்திலே எல்லாரும் அனுமதி இல்லாமல்தான் கட்டினார்கள்” என்கிறார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம், அனுமதிக்கு மாறாகக் கட்டியதை நீதவான் நீதிமன்றக் கட்டளை பெற்று இடிக்க இடம் தருகிறது. கட்டி முடித்த பின்னும் இணக்கச் சான்றிதழ், அதாவது சி.ஓ.சி., இல்லாமல் குடியேறச் சட்டம் இடம் தருவதில்லை. விற்கும்போதும் வங்கியில் ஈடு வைக்கும்போதும் முதலில் கேட்பது அதைத்தான். கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்கவேண்டிய கடைசித் தவணையில் ஒரு பகுதியை, அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை பிடித்துவைப்பதாக ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதிவிடுங்கள். அனுமதிபெற்ற படத்தைவிட்டு ஓரடி வெளியே தள்ளிக் கட்டலாம் என்று அவரே சொல்லும் யோசனைகள் அதோடு நின்றுவிடும்.