கச்சானுக்கு எதிரே மலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பு வாவிக்கரையில் சைக்கிள் ஓடி வளர்ந்த நமக்குக் கல்லடிப் பாலந்தான் ஏற்றம். படுவான்கரைக் கிறவல் வீதிகளில் பகல் முழுக்க ஓடினாலும் கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயர மாட்டோம். இப்போது பல பிள்ளைகள் செங்கலடிச் சந்தியில் திரும்பி, பதுளை வீதியால் ஊவா மலைக்குப் போய், தேயிலைத் தோட்டத்துக் கிறவலில் ஓட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. புறப்படுமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. கிலோமீற்றரை வைத்துத் திட்டம் போடாதீர்கள். எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று முதலில் பாருங்கள். சாமான் கட்டிய சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்கு 300 மீற்றர் உயரம் ஏறினால், புதியவருக்கு அது நல்ல ஓட்டம். பதுளை ஏறக்குறைய 680 மீற்றரில் இருக்கிறது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். தம்பேதன்னைத் தோட்டத்து லிப்டன் சீற் 1,900 மீற்றரையும் தாண்டியது. இடையில் இறங்கி மறுபடி ஏறுவதையும் கூட்டினால், பதுளையிலிருந்து ஒரே நாளில் அங்கே போய்ச் சேரும் எண்ணத்தை நீங்களாகவே கைவிடுவீர்கள். செங்கலடியிலிருந்து பதுளைக்கு மூன்று பகல் ஒதுக்குங்கள். பிபிலை வரைக்கும் உடம்பை அடக்கி ஓடுங்கள். உண்மையான ஏற்றம் அதற்குப் பிறகு, லுணுகலைப் பக்கம்தான் தொடங்குகிறது. பசறையில் நின்று நமுனுகுலை மலையை நிமிர்ந்து பாருங்கள். 2,036 மீற்றர் உயரம்.

2. மலை இல்லாத ஊரில் மலைக்குப் பழகுவது எப்படி என்று கேட்பவர்களுக்குக் கச்சானைக் காட்டுகிறேன். மே மாதம் தொடங்கி மேற்கிலிருந்து வீசும் அந்தச் சூட்டுக் காற்றுக்கு எதிரே, மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓடுங்கள். விடாமல் மிதிக்க வேண்டும், கொஞ்சம் ஓய்ந்தாலும் வேகம் போய்விடும். ஏற்றத்திலும் இதே கதைதான். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் இந்தக் காற்றுத்தான் யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது. நாம் இங்கே வியர்த்துத் திட்டும் காற்றுக்கு, அங்கே உலகம் விலை கொடுக்கிறது.

3. போவதற்கு யூலை, ஓகஸ்ட் நல்லது. கச்சான் முகத்தில் அடித்தாலும் தோட்டத்துப் பாதை காய்ந்து கிடக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், வேண்டாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29 அன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். எந்த மாதமானாலும், போகும் பிரதேசத்தின் பெயர் அதில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

4. கரடியனாறு தாண்டினால் யானை. புல்லுமலைப் பக்கத்தை வெயில் நன்றாக ஏறிய பிறகு கடந்து, பின்னேரம் நாலு மணிக்கு முன் மகா ஓயாவில் தங்குமிடத்தைப் பிடித்துவிடுங்கள். அங்கே வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. காலை நனைத்து ஆறலாம். இருட்டில் ஒரு கிலோமீற்றர்கூட ஓட வேண்டாம்.

5. சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கியர் இல்லாத லுமாலா சைக்கிளில் சந்தைக்குப் போகலாம், லுணுகலை ஏற முடியாது. பின் பிறீவீலின் பெரிய பல்லுச் சக்கரம், முன்பக்கச் சின்னச் சக்கரத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். ரயர் 40 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. கிறவலில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓடுங்கள். பிறேக் கட்டை புதிதாக மாற்றி, இன்னொரு சோடியும் கையில் வைத்திருங்கள். ஏறும்போது களைப்புத்தான் வரும். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிறேக்கை இறுக்காதீர்கள்.

6. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறேழு பாகை குளிரும். வியர்த்த சட்டையோடு இறங்கினால் நடுங்கிப்போவீர்கள். காற்றுத் தாங்கும் மேற்சட்டை ஒன்று கட்டாயம்.

7. மகா ஓயா, பதியத்தலாவை, பிபிலையில் சிங்களத்தில் நாலு வார்த்தை பேசத் தெரிந்திருங்கள். தண்ணீர், பாதை, இரவு தங்க ஓர் இடம், நன்றி. இவ்வளவும் போதும்.

8. மலையில் மறுபடி தமிழ் காதில் விழும். தோட்டத்துப் பாதைகள் கொழுந்து லொறிக்காகப் போட்டவை. அதனால்தான் பல இடங்களில் ஏற்றம் தாங்கக்கூடியதாக இருக்கிறது. லொறி வந்தால் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். கொழுந்தெடுக்கும் அம்மாமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் நிறுவைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள், உங்களுக்காக நிற்க அவர்களுக்கு நேரமில்லை. லயத்து வாசலில் தேத்தண்ணி தந்தால் இருந்து குடித்து, நாலு கதை பேசிவிட்டுப் போங்கள். தோட்டத்துக் காரியாலயத்தில் அனுமதி கேட்டபின் உள்ளே போங்கள். மறுத்தால் வாதாட வேண்டாம், பெரு வீதிக்குத் திரும்பிவிடுங்கள். நாளைக்கு உங்களுக்குப் பின்னால் வரும் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கும் அந்தப் படலை திறக்க வேண்டும்.