வெந்நீர் ஊற்றில் குளித்தால் வலி போகுமா?

பத்ரிநாத் யாத்திரை போய் வந்தவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "டாக்டர், தப்த குண்டத்தில் குளிச்சதும் முழங்கால் வலி பாதி குறைஞ்சிடுச்சு. அந்தத் தண்ணியில என்ன மருந்து இருக்கு?"

கந்தகம் என்பார் ஒருவர், ஸ்தல மகிமை என்பார் இன்னொருவர். இதே கேள்விக்கு விடை தேட, நோயாளிகளின் விவரங்களை எழுதி வைத்த ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஊரின் பெயரே 'பாத்', அதாவது குளியல்!

எப்போதோ பெய்த மழை பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் இறங்கி, அங்குள்ள சூட்டில் காய்ந்து, பாறை வெடிப்பு வழியாக அங்கே மேலே வருகிறது. சூடு சுமார் 46 டிகிரி செல்சியஸ். தினமும் 10 லட்சம் லிட்டருக்கு மேல்! முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் அங்கே கோயிலும் குளியல் மண்டபமும் கட்டினார்கள். சேற்றில் புரண்ட பன்றிகளைப் பார்த்துத் தானும் புரண்டு, குஷ்டம் நீங்கப் பெற்ற இளவரசனின் கதையும் உண்டு. (ஸ்தல புராணம் இல்லாத ஊர் எது?)

1742-ல் ஏழை நோயாளிகளுக்காக அங்கே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். கை விளங்காமல் மணிக்கட்டு தொங்கிப்போய் வந்தவர்களில் பலர், மாதக்கணக்கில் குளித்துத் தேறினார்கள். அவர்களில் பெயின்டர்களும் குழாய் வேலைக்காரர்களும் இருந்ததைக் கவனியுங்கள். அவர்களைப் பிடித்தது காரீய நஞ்சு. (நாம் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, இது வேறு.)

குளித்தால் நஞ்சு எப்படி இறங்கும்? 1980-களில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். கழுத்தளவு நீரில் உட்கார்ந்தால், நீரின் அழுத்தம் கால் ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது. 'உடம்பில் நீர் அதிகம்' என்று சிறுநீரகம் எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கூட்டுகிறது. அதோடு காரீயமும் கூடுதலாக வெளியேறியது. இதற்குத் தாதுச்சத்து தேவையில்லை. சாதாரண வெதுவெதுப்பான நீரே போதும்.

மூட்டுவலிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். நீர் உடல் பாரத்தைத் தாங்குகிறது, சூடு தசையைத் தளர்த்துகிறது. வலி குறைவது நிஜம். ஆனால் தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊற்றை நம்பிப் போகாதீர்கள்!

இன்னொரு விஷயம். 1978-ல் அதே பாத் நகர ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனாள். வெந்நீரில் செழிக்கும் இந்தக் கிருமி மூக்கு வழியாக மூளைக்கு ஏறும். அங்கே குளிப்பதையே நிறுத்தினார்கள். புதிதாக ஆழ்துளை போட்டு நீர் எடுத்து, 2006-ல்தான் புதிய குளியலகம் திறந்தார்கள். ஆகவே எந்த ஊற்றிலும் தலையை முக்காதீர்கள், குழந்தைகளைக் குதிக்க விடாதீர்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இறங்கவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சில நிமிடம் போதும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

யாத்திரை போக முடியாதவர்கள், நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த நீர் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், துணியை நனைத்துப் பிழிந்து முழங்காலில் பத்து நிமிடம் ஒற்றடம் கொடுக்கலாம். மூட்டு சிவந்து வீங்கி, தொட்டாலே சுடுகிறதா? அப்போது ஒற்றடம் கூடாது, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.