பாட்டனார் தொழுவத்தை மீட்டல்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில் பாறசாலை உள்ளது. அதற்கு அப்பால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் தென்னை, வாழை, மரவள்ளி ஆகியவற்றுக்கு நடுவே இரண்டொரு பசுக்களை வளர்ப்பது வீட்டு வழக்கம்.

இத்தகைய வீடொன்றில் மூத்தோர் தளர்ந்து, பிள்ளைகள் வெளியூர் வேலைக்குச் சென்று, பசுக்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டுவிட்டன எனக் கொள்க. பின்னர்ப் பேரனும் அவன் மனைவியும் திரும்பி வந்து, காலியான தொழுவத்தை மீண்டும் நடத்த முற்படுகின்றனர். கால்நடை ஊழியரிடம் அவர்கள் கேட்கும் முதல் வினா, "எந்த மாடு வாங்கலாம்?" என்பதாகும். அதற்கு விடை கூறுமுன் ஊழியர் வேறொரு வினாவை எழுப்புதல் வேண்டும்: "வாங்கும் மாடு அடுத்த கன்றை எப்போது ஈனும்?"

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், ஈன்றபின் 85 நாட்களுக்குள் அது மீண்டும் சினைப்பட வேண்டும். முதல் 45 நாட்கள் கருப்பை பழைய நிலைக்குத் திரும்புவதற்கு விடப்படுகின்றன. எஞ்சுவன 40 நாட்களே. சினைப்பருவமோ 21 நாட்களுக்கு ஒருமுறை வருவது. ஆகவே, வீட்டாருக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டுதான். மூன்று பருவங்கள் தவறினால் 63 நாட்கள் வீணாகும். நாள்தோறும் 25 கிலோ பசும்புல்லும் 5 கிலோ வைக்கோலும் தின்னும் கலப்பினப் பசு, அந்நாட்களில் 1,575 கிலோ புல்லையும் 315 கிலோ வைக்கோலையும் தின்றுவிடும். கடன் வாங்கி மாடு பிடித்தவர் தவணை கட்ட இயலாமல் மாட்டையே விற்க நேரிடுவது பெரும்பாலும் இவ்விதமே.

பருவத்தில் உள்ள பசு கத்தும்; கண்ணாடி போன்ற தெளிந்த சளி ஒழுகும்; மற்ற மாடுகள் தன்மேல் ஏறும்போது அசையாமல் நிற்கும். ஒற்றைப் பசு கட்டியுள்ள தொழுவத்தில் இக்கடைசி அறிகுறியைக் காண வழியில்லை; எனவே அங்கே கூடுதல் விழிப்பு தேவை. காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டல் செய்விப்பது நெடுநாள் வழக்கம். பால் கறப்பவரே இவ்வறிகுறியை முதலில் காண்பவர். பல வீடுகளில் அவர் மனைவியே. ஆயினும் ஆலோசனைக் கூட்டத்துக்குக் கணவன் மட்டும் வருகிறான். இருவரையும் ஒருங்கே வைத்துப் பேசாத ஊழியர் பாதி வேலையே செய்தவராவார்.

இனி, எந்த மாடு என்னும் வினா. கேரளத்தில் 1961 ஆம் ஆண்டின் கால்நடை அபிவிருத்திச் சட்டம் உரிமமற்ற பொலிகாளைகளைத் தடைசெய்தது. 1963 இல் மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பெட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கிற்று. பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களுடன் கலந்து, காலப்போக்கில் சுநந்தினி என்னும் இனம் உருவாயிற்று. பால் பெருகியது, அதே வேளையில் நாட்டு மாடுகள் அருகின. வைக்கத்துக்கு அருகிலுள்ள வெச்சூரின் பெயரால் அறியப்படும் குட்டை மாடு ஏறக்குறைய அழிந்த நிலையை அடைந்தது. 1989 இல் மண்ணுத்தியில் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, எஞ்சியிருந்த சில மாடுகளைச் சேர்த்து அவ்வினத்தை மீட்டனர். 2022 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வெச்சூர்ப் பசுவின் உயரம் 90 சென்டிமீட்டர் அளவினது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் தரும். குறைந்த தீவனத்தில் வாழும். வீட்டுத் தேவைக்கு அது போதும். கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றிக் கடன் தீர்க்க எண்ணுவோர் கலப்பினத்தையே நாட வேண்டியிருக்கும். எதுவாயினும் முதலில் ஒன்று போதும். அது சினைப்பட்டது உறுதியானபின், ஆறு மாத இடைவெளியில் ஈனக்கூடிய மற்றொன்றை வாங்கினால் ஆண்டு முழுதும் பால் இருக்கும். புதிய மாட்டை மூன்று வாரமேனும் தனியே கட்டுதல் வேண்டும்.

தீவனத்தில் ஓர் ஆபத்து உண்டு. தென்னையடியில் கினியாப் புல் நன்கு வளரும். ஆயினும் பற்றாக்குறை வந்தால் கை மரவள்ளியை நாடும். அதன் பச்சை இலையிலும் தோலிலும் சயனைடு நஞ்சு உண்டு. பசியோடிருக்கும் மாடு அதை மிகுதியாகத் தின்றால் மூச்சுத் திணறி, நடுங்கி, சில நிமிடங்களிலேயே விழுந்துவிடலாம். மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். நறுக்கி நன்கு உலர்த்தினால் நஞ்சு பெரிதும் குறையும். பாட்டி இதனை அறிவாள். ஊரை விட்டுச் சென்று திரும்பிய பேரன் அறிந்திருக்கமாட்டான். அவள் உள்ளபோதே கேட்டுக்கொள்ளத்தக்க செய்தி இது.

பிறந்த கன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைத்தல் வேண்டும். பெண் கன்றானால், நன்கு வளர்ந்தாலும் அது முதல் ஈற்றை அடைய இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். தொழுவத்தில் பிறந்த கிடாரி தானே ஈனும்வரை அத்தொழுவம் வாங்கிய மாட்டையே நம்பி நிற்கிறது. ஓராண்டில் இலாபம் என்று எழுதப்படும் கடன் விண்ணப்பத்தை ஊழியர் ஐயத்தோடு நோக்குதல் தகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம். பசு ஜனவரி 1 அன்று ஈன்றது. பிப்ரவரி 15 முதல் மார்ச் 27 வரை கருவூட்டலுக்குரிய காலம். மார்ச் 27 அன்று சினைப்பட்டால் மறு ஜனவரி 1 அன்று கன்று பிறக்கும். அந்தப் பருவம் தவறி, ஏப்ரல் 17 அன்று சினைப்பட்டால் கன்று பிறக்கும் நாள் எது? மாணவர்கள் விடை கண்டபின், தத்தம் வீட்டுப் பசு கடைசியாக ஈன்ற தேதியைக் கேட்டு வருமாறு பணிக்கலாம்.