ஒன்பது கெஜமும் கூரைப் பூனையும்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் போட்டித் தேர்வுக்காக ஆங்கில மரபுத்தொடர்களை உருப்போடும் மாணவர்களிடையே, அவற்றின் பொருளோடு சில கர்ணபரம்பரைக் கதைகளும் வழங்கி வருகின்றன. கதைகள் சுவையானவைதாம், எனினும் அவற்றில் மயங்கிப் பிரயோகத்தை மறப்பதால் விளையும் நஷ்டம் சிறிதன்று என்பது என் அபிப்பிராயம்.

ஒன்றையும் விடாமல் முழுவதும் என்று பொருள்படும் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்பது நம் ஒன்பது கெஜப் புடவையிலிருந்து பிறந்தது என்பார்கள். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இனிக்கும் செய்தியே. ஆனால் இத்தொடர் முதன்முதல் தென்படுவது 1907, 1908-ஆம் ஆண்டுகளில், புடவையையே அறியாத அமெரிக்காவின் இண்டியானா மாகாணப் பத்திரிகைகளில். 1912-இல் கென்டக்கியில் ‘ஆறு கெஜம்’ என்றும் அதே பொருளில் எழுதியிருக்கிறார்கள். எண் மாறியும் அர்த்தம் மாறாமையால், குறிப்பிட்ட துணியளவு எதையும் அது சுட்டவில்லை என்றே கொள்ளத்தகும். முகஸ்துதியால் தயவு தேடுவதைக் குறிக்கும் ‘கரி ஃபேவர்’ என்பதிலும் நம் கறி இல்லை. குதிரையைத் தேய்த்துவிடுவதே அங்கே ‘கரி’. பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அங்கதக் காவியம் ஒன்றில் பெரிய மனிதரெல்லாம் வணங்கித் தேய்த்துவிட்ட ஃபோவெல் என்னும் குதிரையின் பெயரே பிற்காலத்தில் ‘ஃபேவர்’ எனத் திரிந்தது.

பூனையும் நாயுமாக மழை பொழிகிறது என்னும் தொடருக்கோ, கூரையில் உறங்கிய பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்தன என்றொரு கதை 1999-இல் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிற்று. கூரை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை மறுக்க அகராதி வேண்டியதில்லை: மழை வந்தால் பூனை அடுப்படிக்கு வருமேயன்றிக் கூரை மேல் படுத்திராது. இதனினும் பெரிய மயக்கம், இத்தகைய தொடர்கள் எங்கே வைத்தாலும் நடைக்கு அழகு தரும் என்னும் நம்பிக்கை. ஜோனதன் ஸ்விஃப்ட், நாகரிகக் கூட்டத்தாரின் சாரமற்ற சம்பாஷணையைப் பரிகசித்து 1738-இல் வெளியிட்ட நூலிலேயே இத்தொடர் இடம்பெற்றுவிட்டது; அன்றே அது தேய்ந்துபோன பேச்சு.

1956 நவம்பர் 23-ஆம் நாள் அதிகாலை, பெருமழையில் மருதையாறு பெருக்கெடுத்துப் பாலம் சிதைய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்ததும் இப்பிரதேசத்தின் சரித்திரம். அந்த மழையை ஆங்கிலத்தில் வருணிக்கப் புகும் மாணவன் பூனையையும் நாயையும் அழைத்தால் இலக்கணப் பிழை ஏதுமில்லை; ஆயினும் அத்தொடரில் இயல்பாகவே குடிகொண்ட விளையாட்டுத்தன்மை, துக்க வீட்டில் எழுந்த சிரிப்பைப் போல ஒலிக்கும். அங்கே ‘ஹெவி ரெயின்’ என்னும் எளிய சொற்களே தகும். பேருந்து நிலையத்தில் தொப்பலாக நனைந்து வந்து நிற்கும் தோழனிடம் வேண்டுமானால் அத்தொடரைச் சொல்லலாம். அங்கும் இக்கால ஆங்கிலேயர் பெரும்பாலும், மழை கொட்டுகிறது என்று நாம் சொல்வதைப் போல ஒரே வினைச்சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.